பனிநில ஓவியத்தில் விலங்கும் சுவடும்: புரூகலின் வேடர் ஓவியம் – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

வெண்பனி விழாத ஊர்களிலும் வெண்பனிக் காட்சி மக்களுக்கு நன்கு பழகிய காட்சியாக இருப்பதுண்டு. பெங்களூரின் காக்ஸ் டவுன் இதற்குத் தக்க சான்றாகும். 1809-இல் அமைக்கப்பட்ட பிரித்தானியப் படைமுகாமைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. சென்னைப் படையோடும் அப்படையைச் சார்ந்த தொழில்களோடும் இப்பகுதிக்குத் தமிழர் குடிபெயர்ந்தனர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பினும், பெங்களூரில் வெண்பனி விழுவதில்லை. அந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884-ஆம் ஆண்டு சனவரியில் பதிவான 7.8 பாகை செல்சியசே. எனினும் காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் ஆகிய பகுதிகளில் திசம்பர்தோறும் விற்கப்பட்டு வந்த கிறித்துமசு வாழ்த்தட்டைகளில் வெண்பனி போர்த்திய ஊசியிலைக் காடும், அக்காட்டின் விளிம்பில் நின்று நோக்கும் கலைமானும், பனி படிந்த கிளையில் அமர்ந்த செம்மார்புச் சிறுபறவையும் மாறாமல் இடம்பெற்று வந்துள்ளன.

இவ்வகை அட்டைகளில் அடிக்கடி அச்சிடப்படும் பழைய ஓவியம் ஒன்று உண்டு. பிளாண்டர்சு நாட்டு ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த, பனியினூடே வேடர் மீளும் காட்சியே அது. வாழ்த்தட்டையில் இவ்வோவியம் மகிழ்ச்சியான குளிர்காலக் காட்சியாகவே கொள்ளப்படுகிறது. உற்று நோக்குவார்க்கு அது அவ்வாறு தோன்றுவதில்லை. பனிநிலத்தில் விலங்கு எவ்வாறு காட்டப்படுகிறது என்னும் வினாவை இவ்வோவியத்தின்வழி எழுப்பித் தமிழின் சொல்வளமும் பொருளிலக்கணமும் அதற்கு எவ்வாறு விடை தருகின்றன என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'பனி' என்னும் சொல்

இவ்வோவியத்தின் பெயரைப் 'பனியில் வேடர்' என்று தமிழில் பெயர்த்தால், படிப்பவர் மனத்தில் எழும் காட்சி வேறாகிவிடும். மார்கழி விடியலில் மூடுபனியினூடே நடந்துவரும் வேடரையே தமிழர் எண்ணுவர். புல்நுனித் துளி, மலைச்சரிவை மறைக்கும் புகைபோன்ற ஈரம், நீலகிரியில் திசம்பர், சனவரி இரவுகளில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைவு, இமயத்தின் வெண்படலம் ஆகிய அனைத்தும் பொதுவழக்கில் 'பனி' என்றே சுட்டப்படுகின்றன.

இதனைத் தமிழின் குறையாகக் கூறுவோர் உளர். பனிநிலத்து மொழிகளில் வெண்பனிக்கு எண்ணற்ற சொற்கள் உண்டு என்னும் கருத்தை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இக்கருத்து மொழியியலில் மறுக்கப்பட்ட ஒன்றாகும். பிரான்சு போவாசு 1911-இல் எசுகிமோ மொழியிலிருந்து எடுத்துக்காட்டிய வேர்ச்சொற்கள் நான்கு மட்டுமே. அவை பின்னர் எழுதியோர் கையில் பன்மடங்காகப் பெருகியதை 1986-இல் லாரா மார்ட்டினும், அவரைத் தொடர்ந்து சியாப்ரி புல்லமும் எடுத்துக்காட்டினர். சொல்லின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மொழியினரின் காட்சித்திறனை அளத்தல் பொருந்தாது.

தமிழில் வேறுபாட்டை உணர்த்தும் பொறுப்பு பெயர்ச்சொல்லைவிட அதனோடு சேரும் வினையிடமே மிகுதியாக உள்ளது. பனி பெய்கிறது அல்லது இறங்குகிறது எனின் இரவுத்துளியையும், பனி மூடுகிறது எனின் பார்வையை மறைக்கும் ஈரப்புகையையும், பனி உறைகிறது எனின் மலைநாட்டு உறைவையும், பனி கொட்டுகிறது எனின் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர் காணும் வெண்பொழிவையும் அது குறிக்கும். ஓவியத்திலோ வினை இல்லை. புரூகலின் ஓவியத்தில் பனி விழுந்துகொண்டிருக்கவில்லை. முன்னரே விழுந்து படிந்து கிடக்கிறது. அதனால்தான் ஓவியப் பெயரில் தனித்து நிற்கும் 'பனி' பொருள் மயக்கம் தருகிறது.

பிற திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நோக்கினால் இச்சொல்லின் பொருட்பரப்பு மேலும் விளங்கும். கன்னடத்தில் 'ஹனி' துளியையும் 'இப்பனி' இரவுத்துளியையும் குறிக்கின்றன. மலையாளத்தில் 'பனி' என்பது காய்ச்சல். தமிழில் 'பனித்தல்' என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருள் உண்டாதலின், இம்மலையாளப் பொருள் வியப்பிற்குரியதன்று. மறுபுறம், தமிழில் மேகத்தை உணர்த்தும் 'மஞ்சு', மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிற்சில ஒலிமாற்றங்களுடன் பனியைக் குறிக்கிறது. இந்நான்கு மொழிகளும் அடுத்தடுத்து ஒலிக்கும் காக்ஸ் டவுன் தெருக்களில் ஒரே வாழ்த்தட்டையைக் காண்போர் வெவ்வேறு சொற்களால் அதனைச் சுட்ட இயலும். 'பனி' என்னும் சொல் துளி, குளிர், நடுக்கம் ஆகியவற்றை ஒருசேரத் தழுவுவது. வெண்மை அதன் அடிப்படைப் பொருளில் இல்லை.

இவ்விடத்தில் தமிழ்க் கிறித்தவ வழக்கு ஒன்று தனிக்கவனத்திற்குரியது. திருச்சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலிய மொழிபெயர்ப்பு, வெண்பனிக்கு 'உறைந்த மழை' என்றும் தரையுறைவிற்கு 'உறைந்த பனி' என்றும் இரு தொடர்களை ஆள்கிறது. 147-ஆம் சங்கீதத்தில் இவ்விரண்டும் அருகருகே வருகின்றன. இயற்பியல் நோக்கில் வெண்பனி என்பது மழைத்துளி உறைந்து உண்டாவதன்று. மேகத்தில் உள்ள நீராவியே படிகமாகிறது. ஆயினும் வானிலிருந்து விழுவது, தரையிலேயே படிவது என்னும் அடிப்படை வேறுபாட்டை மொழிபெயர்த்தோர் சரியாகப் பிடித்துள்ளனர். தாம் காணாத ஒன்றிற்குப் புதுச்சொல் படைக்காமல், தமக்குத் தெரிந்த மழை, பனி ஆகிய இரண்டையும் கொண்டே அவர்கள் அதனை வேறுபடுத்தினர்.

இக்கட்டுரையில் தரையில் படிந்து கிடப்பது 'வெண்பனி' என்றும், குளத்தில் கட்டியாகிய நீர் 'உறைநீர்' என்றும் குறிக்கப்பெறும். ஓவியத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு நிறத்தன என்பதால் இப்பாகுபாடு இன்றியமையாதது.

2. ஓவியத்தின் அமைப்பு

இவ்வோவியம் வியன்னா நகரின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓக்கு மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது, 117 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் கொண்டது. ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாசு யோங்கெலிங்கின் இல்லத்திற்காக ஆண்டின் பருவங்களைக் காட்டும் தொடராகப் புரூகல் வரைந்தவற்றுள் இன்று எஞ்சியுள்ள ஐந்தனுள் இது ஒன்றாகும். ஐரோப்பாவில் 1564–65-ஆம் ஆண்டின் குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இடப்புறம் முன்னணியில் உள்ள மேட்டில் மூன்று வேடர் முதுகுகாட்டி நடக்கின்றனர். அவர்களைப் பின்தொடரும் நாய்கள் தலைதாழ்ந்து, வால் தொங்கிச் சோர்ந்துள்ளன. ஒரு வேடனின் ஈட்டிமுனையில் மெலிந்த நரி ஒன்று தொங்குகிறது. வேட்டையில் கிடைத்தது அது ஒன்றே. அவர்களுக்கு இடப்புறம் விடுதி ஒன்றின் முன் சிலர் பெருநெருப்பு மூட்டியுள்ளனர். விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து தொங்குகிறது. இலையுதிர்ந்த நெடுமரங்கள் வரிசையாகச் சரிவில் இறங்கிப் பார்வையைக் கீழே உள்ள பள்ளத்தாக்கிற்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே உறைநீர்க் குளங்களில் மக்கள் சறுக்கி விளையாடுகின்றனர். நீராலையின் சக்கரம் உறைந்து நின்றுவிட்டது. பாலத்தின்மீது ஒருத்தி விறகுக்கட்டைச் சுமந்து செல்கிறாள். தொலைவில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் பற்றிய தீயை அணைக்கச் சிலர் முனைந்துள்ளனர். அனைத்திற்கும் பின்னே கூரிய பாறைமலைகள் எழுகின்றன. பிளாண்டர்சு சமவெளியில் அத்தகைய மலை இல்லை. இளமையில் இத்தாலிக்குச் சென்றபோது ஆல்ப்சு மலைத்தொடரில் கண்டவற்றைப் புரூகல் தம் ஊர்க்காட்சியோடு இணைத்தார்.

நிறத்தைப் பொறுத்தவரை, வானமும் உறைநீரும் ஒரே சாம்பற்பச்சை நிறத்தன. வெண்பனி மட்டுமே வெள்ளை. மேலும் கீழும் ஒரே நிறத்தால் அடைபட்ட உலகில் வேடரும் நாய்களும் மரங்களும் காக்கைகளும் கருமையாக எழுந்து நிற்கின்றன.

3. விலங்கைக் காட்டும் மூன்று குறிகள்

இவ்வோவியத்தைப் பனிநில விலங்கோவியமாகக் கொள்ளும்போது எழும் முதல் வியப்பு, உயிருள்ள காட்டுவிலங்கு ஒன்றுகூட இதில் இல்லை என்பதே. விலங்கு மூன்று இடங்களில் சுட்டப்படுகிறது. மூன்று இடத்திலும் சுட்டும் முறை வேறு.

முதலாவது, ஈட்டியில் தொங்கும் நரி. இங்கு விலங்கு உடலாக உள்ளது. ஆனால் உயிர் இல்லை. இரண்டாவது, வேடன் ஒருவனுக்கு முன்னே வெண்பனியில் பதிந்துள்ள சிறு காலடித்தடம். அது முயலின் தடம் என்பர். இங்கு விலங்கு இல்லை. அது சென்ற வழி மட்டும் உள்ளது. மூன்றாவது, விடுதியின் பெயர்ப்பலகையில் தீட்டப்பட்ட கலைமான். அதன்முன் துறவி ஒருவர் மண்டியிட்டுள்ளார். இது கலைமான் விடுதி என்று பலகையில் எழுதப்பட்டும் உள்ளது. இங்கு விலங்கு படமாகவும் சொல்லாகவும் இருக்கிறது.

குறியியல் அறிஞர் சார்லசு பியர்சு (1839–1914) குறிகளை மூவகையாகப் பகுத்தார். பொருளை ஒத்திருப்பது படிமக்குறி. பொருளால் விளைந்து அதனைக் காட்டுவது சுட்டுக்குறி. வழக்கினால் மட்டும் பொருள் தருவது மரபுக்குறி. பலகையில் உள்ள மான்படம் படிமக்குறி. அதன் எழுத்து மரபுக்குறி. பனியிலுள்ள தடம் சுட்டுக்குறி. ஓர் ஓவியத்தினுள் முழுமையான குறியியல் வரிசையே அமைந்துள்ளது. இவ்வரிசையில் குறி மிகுந்தோறும் விலங்கு குறைகிறது. கிடைத்த விலங்கு சிறிது. கிடைக்காத விலங்கு தடம். கிடைக்கவே இயலாத விலங்கு பெயர்ப்பலகை.

பலகையில் மண்டியிட்டிருப்பவர் யூசுதாசு அல்லது ஊபெர்ட்டு என்னும் புனிதர் எனக் கருதுவர். இவ்விருவரைப் பற்றிய புராணமும் ஒன்றே: வேட்டையாடச் சென்றவன் கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறினான் என்பது. வேட்டையில் ஏமாந்து திரும்புவோர், மானைக் கண்டு வேட்டையின் நோக்கம் மறந்தவனின் படத்தைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் அதனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பலகையும் ஒரு கொக்கியில் சாய்ந்து தொங்குகிறது. அருளும் விருந்தும் நிலை தளர்ந்திருப்பதை ஓவியர் இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

தடத்தைப் பற்றித் தமிழ் ஒரு நுட்பத்தைப் புலப்படுத்துகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வளை தோண்டி வாழும் முயலுக்கும் வெளியில் வாழும் முயலுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இத்தடம் எம்முயலுடையது என்பதில் ஐரோப்பிய எழுத்தாளரிடையே வேறுபாடு காணப்படுகிறது. தமிழில் இரண்டும் முயலே. ஓவியம் காட்டும் அளவிற்கே தமிழ்ச்சொல்லும் காட்டுகிறது, அதற்குமேல் துணிவதில்லை. இதற்கு மாறாக நரியின் பெயரில் தமிழுக்கு இடர்ப்பாடு உள்ளது. தமிழ்நிலத்தில் 'நரி' என்பது பெரும்பாலும் ஊளையிடும் பொன்னிற நரியைக் குறிக்கும். ஓவியத்தில் உள்ளது அடர்ந்த வாலுடைய செந்நரி. இரண்டும் வேறு இனம் என்பதை உணராவிடின், அதன் மென்மயிர்த் தோலுக்கு ஐரோப்பியக் குளிர்காலத்தில் இருந்த பயன் விளங்காது. இறைச்சிக்கு உதவாத நரி தோலுக்கு உதவும், பசிக்கு உதவாது. வேடரின் சோர்விற்கு அதுவும் காரணம் எனலாம்.

வெண்பனியின் பணி இங்குத் தெளிவாகிறது. அது நிலத்தை மறைக்கிறது. ஆனால் அந்நிலத்தின்மீது நடந்ததை மறைப்பதில்லை. எழுதாத ஏடுபோலக் கிடந்து, கடந்து செல்லும் ஒவ்வோர் உயிரின் வழியையும் பதித்துக்கொள்கிறது. முயல் சென்ற தடமும் வேடரும் நாய்களும் வந்த தடமும் ஒரே ஏட்டில் உள்ளன. முயல் தப்பிய செய்தி அத்தடங்களால்தான் காண்பவர்க்குத் தெரியவருகிறது.

4. பறவையும் அடாரும்

உயிரோடு உள்ள காட்டுயிர்கள் பறவைகளே. மரக்கிளைகளில் காக்கைகள் அமர்ந்துள்ளன. நீண்ட வாலுடைய பறவை ஒன்று பள்ளத்தாக்கின்மேல் சிறகு விரித்துப் பறக்கிறது. இது தமிழகத்து வால்காக்கையின் உறவினமாகிய, கருப்பும் வெளுப்பும் கலந்த ஐரோப்பியப் பறவை. காண்பவர் கண் மேட்டிலிருந்து பள்ளத்தாக்கிற்குப் பாய உதவுவது இப்பறவையே. வேடர் நடந்து இறங்கவேண்டிய வெளியை அது ஒரு கணத்தில் கடக்கிறது.

பறவைகளுக்கும் அச்சமில்லாமல் இல்லை. இதே 1565-இல் புரூகல் வரைந்த மற்றொரு பனிநில ஓவியம் பிரசல்சு அரச அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஊர்மக்கள் உறைந்த ஆற்றின்மீது சறுக்குகின்றனர். வலப்புறம் பழைய கதவுப்பலகை ஒன்று குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, அதன்கீழ்ப் பறவைகள் இரை தேடுகின்றன. குச்சியிலிருந்து செல்லும் கயிறு அருகிலுள்ள வீட்டின் திறப்பினுள் மறைகிறது. கயிறு இழுபட்டால் பலகை வீழும். இவ்வோவியத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட பழைய படிகள் உள்ளன என்பதிலிருந்து, இக்காட்சியை அக்கால மக்கள் எவ்வளவு விரும்பினர் என்பது பெறப்படும்.

கனத்த பலகையைச் சிறுகோலால் நிறுத்தி வீழ்த்தும் இப்பொறிக்குச் சங்கத் தமிழில் நெருங்கிய பெயர் உண்டு. அது 'அடார்' என்பதாகும். நற்றிணை 119-ஆம் பாடலில் தினைக்காவலன் பன்றிக்காக வைத்த கல்லடாரில் புலி அகப்படுகிறது. புறநானூறு 19-ஆம் பாடல் அடாரைப் போர்க்களத்திற்கு உவமையாக்குகிறது. கல்லுக்குப் பதில் கதவு. புலிக்குப் பதில் சிறுபறவை. பொறியின் இயக்கம் ஒன்றே. பிரசல்சு ஓவியத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'பொறி' என்னும் பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல் 'அடார்' என்று எழுதினால் அதன் அமைப்பே சொல்லால் புலப்படும்.

அவ்வோவியத்தில் முன்னணிக் கிளையில் அமர்ந்த பறவைகளும் தொலைவில் சறுக்கும் மனிதரும் ஏறத்தாழ ஒரே அளவினராகத் தோன்றுகின்றனர். பறவை அடாரின்கீழ் அச்சமின்றி மேய்வதும், மனிதர் உறைநீரின்மேல் அச்சமின்றி ஆடுவதும் ஒப்புநோக்கத் தக்கன. இரண்டிற்கும் அடியில் உள்ள இடர் கண்ணுக்குத் தெரியாதது.

5. கருப்பொருளும் உரிப்பொருளும்

தொல்காப்பியர் நிலக்காட்சியை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். அகப்பாடலுக்கு வகுத்த இவ்விலக்கணத்தை அயல்நாட்டு ஓவியத்திற்குப் பொருத்தலாமோ என்னும் ஐயம் எழலாம். செய்யுள் காலத்தில் தொடர்வது, ஓவியம் இடத்தில் ஒருங்கே நிற்பது என்று லெசிங் 1766-இல் செய்த பாகுபாடும் இவ்வையத்திற்கு வலுவூட்டும். ஆனால் கருப்பொருள் பட்டியல் காலவரிசையில் அமைந்ததன்று. ஒருங்கே காணத்தக்க பொருள்களின் தொகுதியே அது. அவ்வகையில் அது செய்யுளைவிட ஓவியத்திற்கு எளிதில் பொருந்தும்.

புரூகலின் ஓவியத்தைப் இப்பட்டியலால் சோதித்தால், பெயர்ப்பலகையில் தெய்வத் தொடர்பும், நெருப்பருகே உணவும், நரி, முயல், மான் என விலங்கும், இலையற்ற மரமும், காக்கையும், வேட்டை, விறகு சுமத்தல் என்னும் தொழில்களும் உள்ளன. பறையும் யாழும் மட்டும் இல்லை. ஓசை தரும் கருப்பொருள் இரண்டும் இல்லாமையே இவ்வோவியத்தில் காண்போர் உணரும் அமைதிக்கு அடிப்படை எனலாம். வெண்பனி ஓசையை அடக்கும் என்பதை அறியாத தமிழரும் இவ்விடத்தில் அதனை உணர்வர்.

முதற்பொருளே சிக்கலானது. ஐந்திணையுள் பனிநிலத்திற்கு இடம் இல்லை. முன்பனி, பின்பனி என்பன பொழுதுகளே. அவை சுட்டும் பனி வெண்பனியும் அன்று. எனினும் பாலையைப் பற்றிய தமிழ்க் கோட்பாடு இங்கு வழிகாட்டுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுகிறது. அதாவது பாலை தனிநிலம் அன்று. இயல்பு திரிந்த நிலம். புரூகலின் பள்ளத்தாக்கும் அத்தகையதே. நீர் நடக்கும் தரையாகிவிட்டது, ஆலைச்சக்கரம் நின்றுவிட்டது, வயலில் தொழில் இல்லை, காட்டில் இரை இல்லை. இதனைத் தண்மையால் திரிந்த பாலை என்று கூறுதல் பொருந்தும்.

பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. ஓவியத்தில் நிகழ்வதோ மீட்சி. மாந்தர் வீடு திரும்புகின்றனர்; இது முல்லைக்குரிய சூழல். திணைகளுக்குரிய காலமும் கருவும் மயங்கலாம், உரிப்பொருள் மயங்காது என்பது தொல்காப்பிய நெறி. எனவே இவ்வோவியத்தை அதன் பனியால் பெயரிடாமல் அதன் ஒழுக்கத்தால் பெயரிடுவதே தமிழ்நெறி. இஃது ஒரு மீட்சி ஓவியம். ஆனால் முல்லைப் பாட்டில் மீளும் தலைவனை எதிர்நோக்கி ஒரு வீடு காத்திருக்கும். இங்கு எவரும் காத்திருக்கவில்லை. நெருப்பருகே உள்ளோர் தம் பணியில் ஆழ்ந்துள்ளனர். சறுக்குவோர் விளையாட்டில் மூழ்கியுள்ளனர். வேடரை நோக்கித் திரும்பிய முகம் ஒன்றும் இல்லை. வேடரின் முகமும் காண்பவர்க்குக் காட்டப்படவில்லை. எதிர்கொள்ளப்படாத மீட்சியே இவ்வோவியத்தின் உரிப்பொருள்.

6. நெடுநல்வாடையும் இமயமும்

தமிழில் குளிர்காலத்து உயிரினங்களைக் காட்டும் பெருஞ்சொல்லோவியம் நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகளால் ஆகிய அப்பாட்டின் தொடக்கத்தில் மழையால் இடம்பெயர்ந்த ஆயர் நெருப்பில் கை காய்ச்சி நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி குளிரால் ஒடுங்குகிறது. பறவைகள் கிளையிலிருந்து வீழ்கின்றன. கறவை தன் கன்றையே உதைத்து விலக்குகிறது. வெண்பனி ஒரு துளியும் இல்லை. எனினும் புரூகலின் உலகிற்கு மிக நெருங்கிய உலகம் இது. குளிர் எவ்வுயிரின் இயல்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கொண்டே இருவரும் குளிரைக் காட்டுகின்றனர். குளிரை நேராக வருணிக்கவில்லை.

இருவரின் செலவு முறை எதிரெதிரானது. நக்கீரர் காட்டுப்புறத்தில் தொடங்கி நகர், மாளிகை, அரசியின் கட்டில் என உள்நோக்கிச் சென்று, இறுதியில் பாசறையில் முடிக்கிறார். புரூகல் வீட்டருகே தொடங்கி மலைநோக்கி விரிகிறார். மற்றோர் ஒப்புமையும் உண்டு. காத்திருக்கும் அரசியைப் பாடிய நெடுநல்வாடை அகமாகத் தோன்றினும், பாசறையில் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுவதால் அதனைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு சிறு அடையாளம் முழுப்பாட்டின் வகையையே மாற்றியது. புரூகலிடம் சாய்ந்த பெயர்ப்பலகை அத்தகைய அடையாளமாகும். அதனைப் படித்தோர்க்கு ஓவியம் வேட்டைக்காட்சி மட்டுமாக இருப்பதில்லை.

வெண்பனி மலையாகிய இமயத்தையும் சங்கப்புலவர் பாடினர். புறநானூறு 6-ஆம் பாடல் வடதிசை மலைக்குப் பனியை அடையாக்குகிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார், இமயச் சாரலில் உறங்கும் கவரி, தான் மேய்ந்த நரந்தம்புல்லையும் அருவியையும் கனவில் காண்பதாகப் பாடுகிறார். புறநானூறு 132-ஆம் பாடலில் கவரி புல் மேய்ந்து, சுனைநீர் பருகித் தன் பிணையோடு நிழலில் தங்குகிறது. பின்னிரு பாடல்களிலும் வெண்பனி இல்லை. கவரி மட்டும் இருக்கிறது. நிலத்தைக் காணாதபோதும் அந்நிலத்திற்கு உரிய விலங்கை வைக்காமல் அதனைப் பாட அவர்கள் முனையவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி பெங்களூரிலேயே உள்ளது. உருசிய ஓவியர் நிக்கோலசு ரோரிக் (1874–1947) குலுப் பள்ளத்தாக்கின் நக்கரில் தங்கி இமயத்தைத் தொடர்ந்து வரைந்தார். அவர் மகன் சுவெத்தசுலாவ் ரோரிக் பெங்களூரில் வாழ்ந்து 1993-இல் மறைந்தார். அவ்விருவரின் ஓவியங்கள் கர்நாடக சித்ரகலா பரிசத்தில் காட்சிக்கு உள்ளன. தந்தையின் மலையோவியங்களில் நீலமும் ஊதாவும் வெண்மையுமான முகடுகளே முதன்மை. விலங்கு இடம்பெறுவது அரிது. அங்கு நிலமே தெய்வமாகிவிடுகிறது, கருப்பொருள் தேவைப்படுவதில்லை. சங்கப்பாடலில் வெண்பனியின்றிக் கவரி. ரோரிக்கிடம் கவரியின்றி வெண்பனி. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, அவற்றிடையே பசியையும் வைத்தவர் புரூகல்.

7. வாழ்த்தட்டையில் நேரும் இழப்பு

1843-இல் இலண்டனில் சான் கால்காட் ஆர்சுலி வரைந்த முதல் வணிகக் கிறித்துமசு அட்டையில் வெண்பனியோ விலங்கோ இல்லை. விருந்துண்ணும் குடும்பமே இருந்தது. பின்னரே பனியும் செம்மார்புப் பறவையும் அட்டையில் குடியேறின. விக்டோரியா காலத்து அஞ்சற்காரரின் செந்நிறச் சீருடையோடு அப்பறவை இணைத்து எண்ணப்பட்டதே அதற்குக் காரணம் என்பர். ஆங்கிலத்தில் அதன் பெயரைத் தாங்கிய இந்தியப் பறவை தமிழில் கருஞ்சிட்டு எனப்படும். அகராதியை மட்டும் நம்பி அட்டையிலுள்ள பறவையைக் கருஞ்சிட்டு என்று எழுதினால், சிவந்த மார்புடையது கரிய பறவையாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது கருப்பொருள் இடம்மாறுவதற்கு இது நல்ல சான்று.

இதனினும் பெரிய இழப்பு, விலங்கின் நிலை மாறுவதே. அட்டையில் கலைமான் கொழுத்து, அச்சமின்றிக் காண்பவரை நோக்கி நிற்கிறது. அதற்குப் பசி இல்லை. அதனைத் தொடர்வோரும் இல்லை. அதன் காலடியில் தடம்கூட இராது. வெண்பனி அங்கு இயல்பு திரிந்த நிலமாக இன்றி அழகிய விரிப்பாகிறது. புரூகலின் ஓவியம் அதே அட்டையில் சுருக்கி அச்சிடப்படும்போது முதலில் மறைவது முயலின் தடம். அடுத்துப் பெயர்ப்பலகையின் எழுத்து. பின்னர் ஈட்டியில் தொங்கும் நரி. எஞ்சுவது சறுக்கி விளையாடுவோரும் வெண்மையுமே. விலங்கைக் காட்டிய குறிகள் யாவும் நீங்கியபின் ஓவியம் வாழ்த்தாகிவிடுகிறது.

வெண்பனியை நேரில் காணாத சிறுவர்க்கு அவ்வட்டையே பனிநிலத்தைப் பற்றிய முதற்பாடமாக அமைகிறது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பயிலும் காக்ஸ் டவுன் சிறுவர், வெண்மையை ஆங்கிலச் சொல்லோடும் துளியைத் தமிழ்ச் சொல்லோடும் பொருத்திக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் 'பனி' என்னும் தமிழ்ச்சொல் அவ்வோவியத்திற்குப் பொருந்தாத சொல்லாக அவர்க்குத் தோன்றக்கூடும். உண்மையில், குளிரையும் நடுக்கத்தையும் தன்னுள் கொண்ட அச்சொல்லே புரூகலின் ஓவியத்திற்கு மிகப் பொருந்துவது. வெண்மையை மட்டும் சுட்டும் சொல் அட்டைக்குப் போதும், ஓவியத்திற்குப் போதாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பனிநில ஓவியத்தைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் இல்லை என்பது பொருந்தாது. வினையோடும் அடையோடும் சேர்த்து வேறுபடுத்தும் முறை தமிழில் உள்ளது. 'உறைந்த மழை', 'அடார்' போன்ற ஆட்சிகள் புதுச்சொல் ஆக்கத்திற்கு முன் பழஞ்சொல் தேடவேண்டும் என்பதை உணர்த்துகின்றன. முதல், கரு, உரி என்னும் பாகுபாடு, காட்சியின் அழகைப் பாராட்டுவதோடு நில்லாமல், அதில் எது உள்ளது, எது இல்லை, யார் யாரை எதிர்கொள்கின்றனர் என்று கேட்க வழிவகுக்கிறது.

அவ்வாறு கேட்கும்போது, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வோவியத்தில் காட்டுவிலங்கு ஏற்கெனவே விலகிச் சென்றுவிட்டது தெரிகிறது. அது ஈட்டிமுனையிலும் பெயர்ப்பலகையிலும் தடத்திலும் மட்டுமே எஞ்சியுள்ளது. விலங்கை நிறைவாகக் காட்டும் ஓவியங்கள் பல உண்டு. அதன் இன்மையை இத்துணைத் தெளிவாகக் காட்டியவை சிலவே. தமிழ்த் திறனாய்வு அயற்கலையை அணுகும்போது கடன்பெற்ற கலைச்சொற்களைத் தேடுவதற்கு முன், தடத்தைக் கண்டு விலங்கை அறியும் இப்பயிற்சியைத் தன் பொருளிலக்கணத்திலிருந்தே பெறுதல் இயலும்.